சாமிக்கு விட்ட முடி

அந்த வெள்ளைக்காரத் துரைசானி ரொம்ப நல்லவள் என்றுதான் எங்கள் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். அவளை நினைவு வைத்திருக்கிற கிழங்கள் இன்னும் ஒன்றிரண்டு மிச்சமிருந்தால் அதையேதான் சொல்லும். நான் சொல்ல மாட்டேன். எனக்கு அவளைப் பிடிக்காது. முதலில் கொஞ்சம் பிடித்திருந்தது, அப்புறம் போய்விட்டது, இத்தனை வருஷம் ஆகியும் அந்த வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. வயசானால் எல்லாம் ஆறிப்போகும் என்கிறார்களே, யாருக்கு ஆறிற்றோ தெரியாது.

எங்கள் தெரு சித்தூரில் வெல்ல மண்டிக்குப் பின்புறம் இருந்தது. தெரு என்று சொல்வது கூட மரியாதைக்குத்தான். மண்டிச் சுவருக்கும் சாக்கடைக் கால்வாய்க்கும் நடுவில் கிடைத்த இடத்தில் ஆளுக்கொரு குடிசை போட்டுக்கொண்டோம். நைனா மண்டியில் மூட்டை தூக்கினார். அம்மா வேர்க்கடலை உடைக்கப் போவாள். வெல்லம் காய்ச்சுகிற காலத்தில் தெரு முழுக்க ஈயும் குளவியுமாக இருக்கும், ஆனால் எங்கள் வாய்க்கு வெல்லம் வந்தது குறைவு. வீட்டில் தமிழ், மண்டியில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். எங்களைப் பார்த்து அதுவரை யாரும் ஐயோ பாவம் என்று சொன்னதில்லை. நாங்கள் பாவம் என்று எங்களுக்கும் தெரியாது.

அதைச் சொல்வதற்குத்தான் கடல் தாண்டி அவள் வந்தாள். அவளுடைய சொந்தக்காரர் யாரோ ஊரில் பெரிய உத்தியோகத்தில் இருந்தார். அந்தப் பங்களாவில் ஒரு வருஷம் தங்கி, ஏழைப் பிள்ளைகளுக்குச் சேவை செய்துவிட்டு ஊர் திரும்புவது என்று முடிவு பண்ணி வந்திருந்தாள். சம்பளம் கிடையாது. அதைத்தான் எல்லோரும் வாய்பிளந்து பேசினார்கள். சம்பளமில்லாமல் ஒருத்தி வேலை செய்கிறாளாம், அதுவும் இந்த வெயிலில், அதுவும் நமக்கு. அம்மாவும் சம்பளமில்லாமல்தான் எங்களுக்கு வேலை செய்தாள், அதை யாரும் பேசவில்லை.

பங்களாவின் வண்டிக்கொட்டகையைச் சுத்தம் பண்ணி அங்கே எங்களை உட்கார வைத்தாள். சாயங்காலம் இரண்டு மணி நேரம் பாட்டு, கை கழுவுதல், பெண்களுக்குத் தையல், முடிவில் ஆளுக்கு ஒரு பன். பன்னுக்காகத்தான் எல்லோரும் போனோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவளுக்குத் தமிழும் வராது, தெலுங்கும் வராது. எனவே மிஷன் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிற ஓர் அம்மா கூடவே இருந்து, அவள் இங்கிலீஷில் சொல்வதை எங்களுக்குத் தமிழில் சொல்வார். நாலு தலைமுறைக்கு முன்னாலேயே கிறிஸ்தவத்துக்கு மாறின வேதக்காரக் குடும்பம். நல்ல வெள்ளைப் புடவை, குடை, காலில் செருப்பு. நாங்கள் அவரை டீச்சரம்மா என்போம். அவர் ஒன்றும் வேற்றூர்க்காரர் இல்லை, எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் வீடு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பெயர்கள் துரைசானியின் வாயில் நுழையவில்லை. இரண்டு நாள் முயற்சி பண்ணினாள். மூன்றாம் நாள் ஒவ்வொருவரையும் முன்னே நிறுத்தி, அவள் ஊர்ப் பெயர் ஒன்றை ஆளுக்கொன்றாக வைத்துவிட்டாள். எனக்கு வைத்தது அவளுடைய அக்காவின் பெயராம். டீச்சரம்மா அதை ஏதோ பெரிய வரம் கிடைத்த மாதிரி சொன்னார். நானும் அப்போது பூரித்துத்தான் போனேன், பொய் சொல்வானேன். எனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும்.

அந்த வயசில் என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று, என் தலைமுடி. இடுப்புக்குக் கீழே தொங்கும். அம்மா வாரம் தவறாமல் சீயக்காய் தேய்த்து, விளக்கெண்ணெய் வைத்து, இழுத்துப் பின்னி, நுனியில் கறுப்பு நாடா கட்டிவிடுவாள். தெருவில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், சடைக்காரி என்பார்கள். துரைசானியும் அதைக் கவனித்தாள். வகுப்பு முடிந்து கிளம்புகிறபோது என் பின்னலைக் கையில் எடுத்து எடை பார்க்கிற மாதிரி நிறுத்துப் பார்த்து, "பியூட்டிஃபுல்" என்பாள். நான் கற்ற முதல் இங்கிலீஷ் வார்த்தை அதுதான். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லி அம்மாவிடம் அடி வாங்கினேன்.

எனக்கு ஒரு தம்பி. அவன்தான் இந்தக் கதைக்கே காரணம். எனக்கும் அவனுக்கும் நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை, ஒன்று தொட்டிலிலேயே போய்விட்டது, இன்னொன்று தவழ்கிறபோது. இவன் வயிற்றில் இருந்தபோது அம்மா கொல்லையில் நின்று திருப்பதி இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டு, இது நிலைத்தால் பிறந்த முடியை அஞ்சு வருஷம் கத்தி படாமல் வளர்த்து உன் மலையில் வந்து கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அவன் நிலைத்தான். முடியும் வளர்ந்தது. அம்மா அதைப் பின்னி, கிடைத்தபோது கனகாம்பரமும் வைப்பாள். எங்கள் பக்கத்தில் இது புதுசில்லை. ஊரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் சடை போட்ட பையன் ஒருத்தன் இருப்பான். சாமிக்கு விட்ட முடி என்று சொன்னால் போதும், யாரும் மேலே கேட்க மாட்டார்கள். அது அவன் தலையில் இருந்ததே தவிர அவனுடையது இல்லை. அம்மா அப்படித்தான் சொல்வாள். மலைமேல் இருக்கிறவர் நம்மை நம்பி ஒப்படைத்திருக்கிறார், ஒரு மயிர் குறையாமல் திருப்பிக் கொடுக்கணும், இல்லாவிட்டால் கொடுத்ததையே எடுத்துக்கொள்வார். அவள் இதைச் சொல்லும்போது தம்பியைப் பார்க்க மாட்டாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொல்வாள். ஐந்தாம் வயசு நடந்துகொண்டிருந்தது. வருகிற புரட்டாசியில் போவதாக இருந்தோம்.

அவனைத் தனியே விட முடியாது என்று நான்தான் இடுப்பில் தூக்கிக்கொண்டு வண்டிக்கொட்டகைக்குப் போவேன். நைனாவின் பழைய சட்டையை முழங்காலுக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, சடையும் பூவுமாக அவன் முன்வரிசையில் உட்கார்ந்து கத்திப் பாடுவான். துரைசானிக்கு அவன் மேல் கொள்ளை ஆசை. அவனைப் பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு அது தெரியாது. அவனுக்கு அவள் வைத்த பெயர் பெண் பெயர் என்பதும் எங்களுக்கு எப்படித் தெரியும்? டீச்சரம்மாவுக்குத் தெரியும். சொல்லவில்லை. துரைசானி சொன்னதைத் திருத்துவது அவருக்குப் பழக்கமில்லை.

ஒரு நாள் அவள் ஊரிலிருந்து பெரிய மரப்பெட்டி ஒன்று வந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் போட்டு முடித்த துணி. அதைப் பிரித்து, எல்லாவற்றிலும் நல்லதாக, கழுத்திலும் கையிலும் சுருக்கம் வைத்த ஒரு கவுனைப் பொறுக்கி என் தம்பிக்குப் போட்டுவிட்டாள். தூக்கிச் சுற்றி முத்தம் கொடுத்தாள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்தாள், எல்லோருக்கும் சந்தோஷம் என்று நினைத்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் தம்பி எழுந்து போய், கொட்டகைச் சுவருக்கு எதிரே நின்று, கவுனை மார்பு வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்றுக்குப் போனான். சுவரில் வளைவு வளைவாகக் கோலம் போட்டான். அன்றைக்குச் சிரித்த சிரிப்பைப் போல் நாங்கள் அப்புறம் சிரிக்கவில்லை. தரையில் புரண்டோம். தோட்டக்காரன் சிரித்தான். பங்களா ஆயா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். துரைசானியின் கழுத்திலிருந்து காது வரை சிவந்து போயிற்று. அவள் டீச்சரம்மாவிடம் என்னவோ கேட்டாள், அவர் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னார்.

மறுநாள் எங்களைச் சிரிக்கவிடவில்லை. பெண்களை ஒரு பக்கம் உட்கார்த்தி ஊசி நூல் கொடுத்தாள். நடுவில் ஒரு முக்காலி போட்டிருந்தது, பக்கத்தில் கார்பாலிக் நெடி அடிக்கிற வாளி. பேன் பார்க்கப் போகிறார்கள் என்று டீச்சரம்மா சொன்னார். பேன் எல்லோருக்கும்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அவள் கூப்பிட்டது என் தம்பியை மட்டும். முக்காலியில் ஏற்றி, கழுத்தில் துண்டைச் சுற்றி, ஆண்பிள்ளையை இப்படிப் பெண்வேஷம் போட்டு வைப்பது பாவம், இனிமேல் இவன் ஆண்பிள்ளையாக இருப்பான் என்றாள். அதை டீச்சரம்மா அப்படியே தமிழில் எங்களுக்குச் சொன்னார். சொல்லிவிட்டு அவன் தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கத்தரிக்கோலைப் பார்த்ததும் ஊசியை எறிந்துவிட்டு எழுந்தேன்.

"டீச்சரம்மா, அது சாமிக்கு வுட்ட முடி. திருப்பதிக்குக் குடுக்கணும். வெட்டக் கூடாதுன்னு சொல்லுங்க."

கொட்டகைக்கே கேட்டது. துரைசானி கையை நிறுத்திவிட்டு, என்ன சொல்கிறாள் என்பது போல் டீச்சரம்மாவைப் பார்த்தாள். அவர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ரொம்பச் சின்ன பதில். நான் சொன்னதில் கால்வாசி கூட அதில் அடங்கியிருக்காது. துரைசானி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக் கனிவாகச் சிரித்தாள். அப்புறம் வெட்டினாள். கத்தரிக்கோல் லேசில் இறங்கவில்லை, அறுத்து அறுத்துத்தான் எடுத்தாள். தம்பி அழவேயில்லை. அவனுக்கு அந்தச் சடை பிடிக்காது, தெருப் பையன்கள் பாப்பா பாப்பா என்று கூப்பிட்டு அவனைச் சீண்டுவார்கள். தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு இளித்தான். அவனை அங்கேயே ஓர் அறை விடணும் போல இருந்தது.

பேனுக்காக வெட்டினாள் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். எனக்குத் தெரியும். முந்தின நாள் எல்லோரும் சிரித்த சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. அதற்குக் காரணம் அந்தச் சடை. அதை இல்லாமல் பண்ணிவிட்டாள். அவ்வளவுதான் அவள் சேவை.

மொட்டையும் இல்லாமல் முடியும் இல்லாமல் கொத்திப்போட்ட தலையோடு அவனை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அம்மா கடலை உடைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். அவள் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சடை எங்கே என்று மட்டும் கேட்டாள். முடியாவது கைக்கு வந்தால் துணியில் முடிந்து மலைக்கு எடுத்துப் போய் உண்டியலில் போட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். அப்படியே ஓடினாள், நானும் பின்னால் ஓடினேன். பங்களா வாசலில் காவல்காரன் விடவில்லை. துரைசானி உள்ளே டீ குடித்துக்கொண்டிருக்கிறாள், இந்த நேரத்தில் யாரையும் பார்க்க மாட்டாள் என்றான். டீச்சரம்மா குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். சடை எங்கே என்று அம்மா கேட்டாள். பேன் இருந்ததால் அதைக் குளிக்கிற வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார்களாம். துரைசானி குளிக்க வெந்நீர் போடுகிற அடுப்பு. அம்மா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"முடிதானேம்மா," என்றார் டீச்சரம்மா. "வளந்துடும்."

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். நீயுமா இந்த ஊர்க்காரி என்று கேட்கிற பார்வை. திரும்பி நடந்து வந்துவிட்டோம்.

சில நாளில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. சாக்கடை ஓரத்தில் குடியிருக்கிற பிள்ளைகளுக்கு மழைக்காலத்தில் காய்ச்சல் வருவதற்குக் காரணமா வேண்டும்? இப்போது நான் அப்படித்தான் சொல்வேன். அப்போது அம்மாவிடம் யாராலும் அதைச் சொல்ல முடிந்திருக்காது. சர்க்கார் ஆஸ்பத்திரித் தண்ணி மருந்தும் கொடுத்தாள், நிலவேம்பும் கொடுத்தாள், ஆனால் அவள் கண் முழுக்க அவன் தலையில்தான் இருந்தது. முன்னால் போன இரண்டும் இப்படித்தான் சூடாகக் கிடந்ததாம். மலைமேல் இருக்கிறவர் வட்டியும் முதலுமாக வாங்காமல் விடமாட்டார் என்று முணுமுணுத்துக்கொண்டே ஈரத்துணி போட்டாள். நைனா மண்டிக்குப் போகாமல் வாசலில் குந்தியிருந்தார். காய்ச்சல் இறங்கியது, மறுபடி ஏறியது, இறங்கியது. கை கால் குச்சியாகி, சோறு துன்ன மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். புரட்டாசி வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே போகலாம் என்றாள் அம்மா.

சித்தூரில் ரயில் ஏறி, பாகாலாவில் மாறி, திருப்பதியில் இறங்கினோம். ரயில் எனக்கு அதுதான் முதல் தடவை, அதற்குக்கூடச் சந்தோஷப்பட விடவில்லை. வழி நெடுக அம்மா அவன் தலையை முந்தானையால் மூடியே வைத்திருந்தாள், யாராவது பார்த்துவிட்டுச் சடை எங்கே என்று கேட்பார்கள் என்பது போல. ராத்திரி சத்திரத்தில் படுத்துவிட்டு விடிகிறதற்கு முன்னால் மலையடிவாரத்து அலிபிரியில் படியேறினோம். அப்போது மலைக்குப் போக வேறு வழி ஏது, வசதி உள்ளவர்கள் டோலியில் போவார்கள், மற்றவர்களுக்குக் கால்தான். நைனா தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டார். மூட்டை சுமந்து பழகிய தோள், இருந்தும் வழியில் பலமுறை நின்றார். மூச்சுக்கு இல்லை, பையன் உடம்பு சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்க.

ஏறுகிறதற்கு முன்னால், சத்திரத்துக் கிணற்றடியில், அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டாள். எப்போதும் வெடுக் வெடுக்கென்று இழுத்துப் பின்னுகிறவள், அன்றைக்கு மெதுவாகச் சிக்கெடுத்தாள். இரண்டு தடவை அவிழ்த்து இரண்டு தடவை பின்னினாள். வலிக்கிறதா என்று கேட்டாள். அதற்கு முன்னால் அவள் அப்படிக் கேட்டதே கிடையாது. எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

மேலே முடி எடுக்கிற இடத்தைக் கல்யாணகட்டா என்பார்கள். ஈரத்தரை, எங்கு பார்த்தாலும் முடி, குழந்தைகள் அழுகிற சத்தம். நாவிதர் ஒரு தெலுங்குக்காரர். தம்பியை மடியில் சாய்த்துத் தலையைத் தடவினார். பல் விளக்கித் தேய்ந்த வேப்பங்குச்சி மாதிரி அரை விரல் உயரத்துக்கு முடி முளைத்திருந்தது. ஏன் இப்படி என்று கேட்டார். அம்மா நடந்ததைத் தெலுங்கில் சொன்னாள். அவர் பரவாயில்லை என்பது போலக் கையை அசைத்தார்.

"உன்னதி சாலு தல்லி," என்றார். இருக்கிறது போதும் தாயே, அவருக்கு இதுவே போதும் என்று அர்த்தம்.

நல்ல மனுஷன். அந்த ஊரில் அன்றைக்கு நியாயமாகப் பேசினவர் அவர் ஒருத்தர்தான். அம்மா கேட்கவில்லை. அஞ்சு வருஷ முடி தருகிறேன் என்று சொன்னவள் அரை விரல் முடியை எப்படிக் கொடுப்பாள்? தலைக்குத் தலை கொடுத்தால்தான் பிள்ளை தங்குவான் என்று அவளாகவே முடிவு பண்ணியிருந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நைனா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கோபுரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் பின்னலை முன்னால் போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் என்றேன். அழுதேன். அம்மா என் முன்னால் ஈரத்தில் உட்கார்ந்தாள்.

"ஒன் முடி மறுபடியும் வளந்துடும்டி," என்றாள். "இவன் வளரணுமா வேணாமா, நீயே சொல்லு."

டீச்சரம்மா சொன்ன அதே வார்த்தை. வளந்துடும். அம்மா வாயிலிருந்து வந்தது. அந்த இடத்தில் எனக்கு அம்மா மேலும் ஆத்திரம் வந்தது, சாமி மேலும் வந்தது, நைனாவின் தோளில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்த அந்தக் குச்சிக்கால் பயல் மேலும் வந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா? பன்னிரண்டு வயசுப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? பின்னலை விட்டுவிட்டேன். அம்மா நுனியில் இருந்த கறுப்பு நாடாவை அவிழ்த்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். நாவிதர் தண்ணீர் தெளித்தார், அது பனி மாதிரி இருந்தது. முதல் வழிப்பிலேயே காது பக்கத்தில் காற்று பட்டது. என் முடி முழங்காலில் விழுந்து, அங்கிருந்து தரைக்கு வழுக்கி, மற்றவர்கள் முடியோடு போய்ச் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு எது என்னுடையது என்று தேடியும் தெரியவில்லை.

தம்பி என்னைப் பார்த்து அக்கா மொட்டை என்று கையைத் தட்டிச் சிரித்தான். காய்ச்சல் கண்டதிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான். அம்மா அதைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். அன்றைக்குப் பிரசாத லட்டைப் பாதிக்கு மேல் அவனே துன்னான்.

பையன் தேறிவிட்டான். இன்னும் இருக்கிறான், தலையில் ஒரு முடி இல்லை, ஆனால் இருக்கிறான். சாமி வாங்கிக்கொண்டார் என்று அம்மா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். என் முடி மறுபடி வளர்ந்தது, தோளுக்குக் கீழே ஒரு சாண் வரைக்கும். அதற்கு மேல் வளரவில்லை. பழையபடி சடைக்காரி என்று அப்புறம் என்னை ஒருத்தரும் கூப்பிடவில்லை.

சித்தூருக்குத் திரும்பியதும் வண்டிக்கொட்டகைக்குப் போக மாட்டேன் என்றேன். கோபத்தை வைத்துக்கொண்டு பன்னை விட்டுவிட முடியுமா என்று அம்மா கேட்டாள். தம்பிக்கு உடம்பு தேற வேண்டும், ஒரு பன் என்றால் ஒரு பன். மொட்டைத் தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு, பாவாடை சட்டையோடு, அவனை இழுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் பையன்கள் மொட்டச்சி மொட்டச்சி என்று பின்னால் வந்தார்கள். ஒருத்தன் மேல் கல்லை விட்டேன், பட்டது.

அன்றைக்குக் கொட்டகையில் இன்னொரு பெட்டி பிரித்திருந்தார்கள். துரைசானி ஆண்பிள்ளைகளுக்கு அரைக்கால் சட்டை கொடுத்துக்கொண்டிருந்தாள். தம்பியைக் கண்டதும் அவன் வழவழ மொட்டையைத் தடவிச் சிரித்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். என் தலையைப் பார்த்தாள், பாவாடையைப் பார்த்தாள், மறுபடியும் தலையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு கெட்டிக்காரத்தனம் வந்தது. இந்தத் தடவை ஏமாற மாட்டேன், இந்த ஊரில் ஆண்பிள்ளைக்குப் பெண்வேஷம் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும் என்கிற முகம். பெட்டியில் குனிந்து ஒரு காக்கி அரைக்கால் சட்டையைத் தேடி எடுத்து, என் இடுப்பில் வைத்து அளவு பார்த்தாள். பிறகு, இத்தனை மாதத்தில் அவள் கற்றிருந்த ஒரே ஒரு தமிழ் வாக்கியத்தைச் சொன்னாள்.

"உன் பேர் என்ன, தம்பி?"

யாரும் சிரிக்கவில்லை. என் பின்னலைத் தினமும் கையில் எடுத்து நிறுத்துப் பார்த்தவள். என் முகத்தை அவள் ஒரு நாளும் பார்க்கவில்லை என்பது அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு நான் பதில் சொன்னேன். என் அம்மா வைத்த பெயரைச் சொல்லவில்லை. அவள் வைத்த பெயரைச் சொன்னேன், அவளுடைய அக்காவின் பெயரை.

அவள் கை நின்றது. மெல்ல என் தோளுக்குப் பின்னால் போய், பின்னல் தொங்குகிற இடத்தில் தேடி, வெறும் முதுகைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் அழுததும் எனக்குப் பிடிக்கவில்லை. அழ வேண்டியவர்கள் அழுது முடித்துவிட்டோம், இவளுக்கு என்ன? டீச்சரம்மாவைத் திரும்பிப் பார்த்து எதையோ வேகமாகக் கேட்டாள். இப்போதாவது அந்த அம்மாள் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னார். மறுபடியும் சின்ன பதில். அதில் திருப்பதி என்ற ஒரு வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. துரைசானியின் முகம் தெளிந்துவிட்டது. ஓ, அவ்வளவுதானா, இவர்கள் வழக்கம் என்கிற தெளிவு. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மொட்டைத் தலையைத் தட்டினாள். "குட் கேர்ள்" என்றாள்.

வகுப்பு முடிந்து டீச்சரம்மா குடையை விரிக்கிற இடத்துக்குப் போய் எதிரே நின்றேன்.

"ஏன் சொல்லல? நீங்க வெட்டுனதுக்காகத்தான் நான் குடுத்தேன்னு ஏன் சொல்லல?"

அவருக்குக் கோபம் வரவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் பேசினார்.

"பெத்தவங்கள வுட்டுட்டுக் கடல் தாண்டி வந்துகீறாங்கடி. இதெல்லாம் சொன்னா அவங்க மனசு ஒடிஞ்சிடும்."

சொல்லிவிட்டுக் குடையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் மனசு எதனால் செய்தது என்று நினைத்தாரோ, மண்டியில் தூக்கிப் போடுகிற மூட்டை என்று நினைத்திருப்பார். வெள்ளைக்காரிக்குத் தெரியாது, தெரியாமல் செய்தாள் என்று கடைசியில் கூட ஒரு பேச்சுக்கு விட்டுவிடலாம். இந்த அம்மாளுக்கு எல்லாம் தெரியும். எங்கள் வேண்டுதலில் அவருக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம், அது அவர் இஷ்டம். என் அம்மாவுக்கு நம்பிக்கை உண்டு என்பது அவருக்குத் தெரியும், அது போதாதா?

கோடையில் துரைசானி கப்பல் ஏறப் போனாள். எங்களை வரிசையில் நிறுத்திப் பாட வைத்தார்கள், சாமந்தி மாலை போட்டார்கள், தெருவே போய் வழியனுப்பிற்று. அம்மா போகவில்லை. சித்தூர்ப் பிள்ளைகளுக்குத் தான் செய்த நல்லதை அவள் தன் ஊரில் எத்தனை பேரிடம் எத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாளோ. நிம்மதியாகத்தான் போய்ச் சேர்ந்திருப்பாள். அதுதான் எனக்கு ஆறவில்லை. அவளுக்கு ஒன்றுமே தெரியாது.

என் இடுப்பில் அளவு பார்த்த அந்த அரைக்கால் சட்டையை அவள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்து, தூக்கி அடுப்பில் போடு என்று அம்மாவிடம் சொன்னேன். நல்ல துணி, கெட்டித் துணி, அம்மாவுக்கு மனசு வரவில்லை. தம்பிக்குப் போட்டுப் பார்த்தாள், இடுப்பில் நிற்காமல் காலடிக்கு நழுவியது. இடுப்புப் பட்டியை மடித்துச் சுற்றித் தைத்து, உள்ளே கோக்க ஏதாவது கிடைக்குமா என்று வீட்டில் தேடினாள். மாடத்தில் என் பின்னலுக்குக் கட்டுகிற கறுப்பு நாடா சுருட்டி வைத்திருந்தது. அதை எடுத்து என் முகத்தைப் பார்த்தாள். ஊக்கில் மாட்டி ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் இழுத்து முடிச்சுப் போட்டாள். அந்தக் கால்சட்டை கிழிகிற வரைக்கும் அவன் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தான்.